மண்புழு உரப் படுக்கை: பொருள்களின் வரலாறு

மண்புழு உரப் படுக்கை என்பது, சாணம், இலைதழை, காய்கறிக் கழிவு போன்றவற்றை மண்புழுக்களைக் கொண்டு உரமாக்கும் தொட்டியிலோ குழியிலோ, புழுக்கள் தங்கி வாழ்வதற்காக முதலில் பரப்பப்படும் பொருளாகும். வைக்கோல், தென்னை நார்க்கழிவு, கரும்புச் சோகை, மரத்தூள், கிழித்த செய்தித்தாள், மக்கிய சாணம், தோட்டமண் எனப் பல பொருள்கள் இதற்குப் பயன்பட்டுள்ளன. படுக்கை என்ற பெயர் சற்றே ஏமாற்றக்கூடியது. புழு அதன்மேல் படுப்பதில்லை. அதற்குள் வாழ்கிறது, அதன் வழியே மூச்சுவிடுகிறது, உணவு தீர்ந்தால் அதையே தின்கிறது. சில மாதங்களில் படுக்கையும் உரமாகிவிடும்.

மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. ஈரமான தோலின் வழியாகவே அது காற்றை உட்கொள்கிறது. தோல் உலர்ந்தால் இறந்துவிடும். நீர் தேங்கிக் காற்றில்லாமல் போனாலும் இறந்துவிடும். ஆகவே நீரைப் பிடித்துவைத்துக்கொண்டே காற்றுக்கும் இடம்விடும் பொருள் எதுவோ அதுவே படுக்கைக்கு ஏற்றது. அது சூடேறக் கூடாது, உப்பும் அமிலமும் மிகுந்திருக்கக் கூடாது, கூரிய விளிம்புகளால் தோலைக் கிழிக்கக் கூடாது. இத்தனை தேவைகளையும் ஒருசேர நிறைவேற்றும் பொருள் எங்கும் எளிதில் கிடைப்பதில்லை. ஒவ்வொரு காலத்திலும் அந்தந்த ஊரின் தொழில் எதைக் கழித்து எறிந்ததோ அதில்தான் புழு வளர்க்கப்பட்டது. படுக்கைப் பொருளின் வரலாறு பெருமளவுக்குக் கழிவுகளின் வரலாறே.

தூண்டில்காரர்களின் பாசி

உரத்துக்காக மண்புழு வளர்ப்பது அண்மைக்காலப் பழக்கம். தூண்டிலுக்காகப் புழுவை உயிரோடு வைத்திருப்பது அதைவிட மிகப் பழையது. எந்தப் பொருளில் புழு நன்றாக இருக்கும் என்று முதலில் கவனித்தவர்கள் மீன்பிடிப்பவர்களே. இங்கிலாந்தில் 1653-ல் வெளிவந்த ஐசக் வால்டனின் ‘தி கம்ப்ளீட் ஆங்லர்’ என்ற நூல் இதற்குத் தெளிவான சான்று. உடலில் வரிகள் கொண்ட ‘பிராண்ட்லிங்’ என்னும் புழு பழைய எருக்குப்பைகளில் கிடைக்கும் என்றும், மாட்டுச் சாணத்திலும் பன்றிச் சாணத்திலும் மிகுதியாக இருக்கும் என்றும் வால்டன் எழுதினார். குதிரைச் சாணம் அதற்குச் சூடும் வறட்சியும் மிக்கது என்பது அவரது கணிப்பு. தோல் பதனிடுவோர் பயன்படுத்திவிட்டுக் குவித்துப்போடும் மரப்பட்டைக் குப்பையில் கிடைப்பவையே மிகச் சிறந்தவை என்றும் குறிப்பிட்டார். இந்தப் பிராண்ட்லிங்தான் பின்னாளில் ஐசீனியா ஃபெட்டிடா என்று அறிவியல் பெயர் பெற்று, இன்று உலகெங்கும் உரத் தொட்டிகளில் வளர்க்கப்படும் சிவப்புப் புழு.

பிடித்த புழுவை வைத்திருக்க வால்டன் சொன்ன பொருள் பாசி. மண் போகக் கழுவி, நீர் வடியப் பிழிந்த பாசியில் புழுவை இட வேண்டும்; கோடையில் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறையும் குளிர்காலத்தில் வாரத்துக்கு ஒருமுறையும் பாசியை மாற்ற வேண்டும். புழு மெலிந்து நோயுற்றால் பாலையோ பாலாடையையோ நாளுக்கு ஒரு கரண்டி அளவில் பாசிமேல் சொட்டவிடலாம் என்றும் அந்நூல் கூறுகிறது. தூண்டில் புழுவுக்குப் பாலாடை ஊட்டியது இன்று வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பிழிந்த பாசி என்ற அளவு மிகச் சரியானது. கையில் எடுத்து அழுத்தினால் ஓரிரு சொட்டு மட்டும் விழும் ஈரம் போதும் என்றே இன்றைய வழிகாட்டிகளும் சொல்கின்றன.

டார்வினின் பானைகள்

தூண்டில்காரருக்குப் புழு இரை, தோட்டக்காரருக்குத் தொல்லை. இந்தப் பார்வையை மாற்ற முயன்றவர்களில் முன்னோடி, செல்போர்ன் என்ற சிற்றூரின் பாதிரியாரான கில்பர்ட் ஒயிட். மண்ணைத் துளைத்து நீரும் வேரும் இறங்க வழிசெய்யும் மண்புழு இல்லாவிட்டால் நிலம் இறுகி மலடாகிவிடும் என்ற கருத்தை 1777-ல் எழுதிய கடிதம் ஒன்றில் அவர் முன்வைத்தார். சார்லஸ் டார்வின் 1837-ல் லண்டன் புவியியல் கழகத்தில் இதுபற்றிக் கட்டுரை படித்தார். பின்பு நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் அதே பொருளைத் தொடர்ந்து கவனித்து, மரணத்துக்கு முந்தைய ஆண்டான 1881-ல் தம் கடைசி நூலாக மண்புழுக்களைப் பற்றிய நூலை வெளியிட்டார்.

டார்வின் தம் வீட்டில், மண் நிரப்பிய பானைகளில் புழுக்களை வளர்த்தார். முட்டைக்கோசு, கேரட், வெங்காயம் ஆகியவற்றைத் தின்னக் கொடுத்துப் பார்த்தார். பானைகளைப் பியானோமேல் வைத்து அதிர்வை உணர்கின்றனவா என்றும் சோதித்தார். படுக்கைப் பொருளின் வரலாற்றில் முக்கியமானது அவரது காகிதச் சோதனை. புழுக்கள் இலைகளை வளைக்குள் இழுக்கும்போது எந்த முனையைப் பிடிக்கின்றன என்று அறிய, காகிதத்தை முக்கோணங்களாக வெட்டி, இரவுப் பனியில் நனைந்து துவளாதிருக்க இருபுறமும் கொழுப்புத் தடவி நிலத்தில் போட்டார். இழுக்கப்பட்ட 303 முக்கோணங்களில் 62 விழுக்காட்டைப் புழுக்கள் கூர்முனையைப் பற்றி இழுத்திருந்தன. டார்வினுக்கு அது புழுவின் அறிவைப் பற்றிய கேள்வி. காகிதம் ஒரு நூற்றாண்டுக்குப் பின் புழுவின் வீடாகவே ஆகப்போவதை அவர் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

டார்வினின் நூல் வெளிவந்து பத்தாண்டு கழித்து, 1891-ல் பெ. சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ நாடகம் வெளியானது. அதில் நடராசன் என்னும் பாத்திரம் வயலில் ஒரு நாங்கூழ்ப் புழுவைக் கண்டு, உழவுக்கு அது செய்யும் தொண்டைப் போற்றிப் பேசுகிறது. நாங்கூழ் என்பது மண்புழுவின் பழந்தமிழ்ப் பெயர்.

ஒயிட், டார்வின், சுந்தரம் பிள்ளை மூவரும் பேசியது மண்ணை உழும் புழுவைப் பற்றி. வால்டன் பேசியது எருவில் வாழும் புழுவைப் பற்றி. இவ்விரண்டும் வேறு வேறு வாழ்முறை கொண்டவை. மார்செல் பூஷே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1970களில் மண்புழுக்களை மூவகையாகப் பகுத்தார்: மேற்பரப்பின் மக்கில் மட்டும் வாழ்பவை, மண்ணில் செங்குத்தாக வளை தோண்டி மேலே வந்து இலையை இழுத்துச் செல்பவை, மண்ணுக்குள்ளேயே இருந்து மண்ணைத் தின்பவை. முதல்வகைக்கு மண் தேவையில்லை. மக்கும் பொருளே போதும். இரண்டாம் வகையை மண்ணில்லாத தொட்டியில் விட்டால் அது நிலைக்காது. எந்தப் புழு என்று கேட்காமல் எந்தப் படுக்கை என்று கேட்பதில் பொருளில்லை. பிற்காலத்தில் பலரின் தொட்டிகள் தோற்றதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

பெட்டியும் பீட்டும்

இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அமெரிக்காவில் மண்புழு வளர்ப்பு ஒரு தொழிலாக வளர்ந்தது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த தாமஸ் பாரெட் 1947-ல் வெளியிட்ட ‘ஹார்னசிங் தி எர்த்வோர்ம்’ என்ற நூல் இதில் பெரும் செல்வாக்குப் பெற்றது. காய்கனி ஏற்றும் மரப்பெட்டிகளில் எருவும் மண்ணும் தாவரக் கழிவும் கலந்து நிரப்பிப் புழுவைப் பெருக்கி, பின்பு தோட்டத்தில் விடும் முறையை அவர் விளக்கினார். ஆனால் தொழிலைத் தாங்கிப்பிடித்தது உரம் அல்ல, மீண்டும் தூண்டிலே. மீன்பிடி இரைக்குப் புழு விற்ற பண்ணைகளுக்குச் சுத்தமான, நாற்றமில்லாத, அஞ்சலில் அனுப்பினாலும் ஈரம் காக்கும் பொருள் தேவைப்பட்டது. அதற்குப் பீட் பாசி பொருத்தமாக இருந்தது.

பீட் என்பது சதுப்பு நிலங்களில் பாசி முதலியவை நீரடியில் முழுவதும் மக்காமல் படிந்து உண்டான பொருள். தன் எடையைப்போல் பல மடங்கு நீரை அது பிடித்துவைக்கும், எளிதில் அழுகாது, வயல்மண்ணைப் போல் கனக்காது. அதன் குறை அமிலத்தன்மை. ஆகவே சுண்ணாம்புக்கல் பொடி கலந்து அமிலத்தைத் தணித்தார்கள். இங்கே நீற்றுச்சுண்ணாம்பைக் கலந்துவிட்டுப் புழுவை இழந்தவர்களும் உண்டு. நீற்றுச்சுண்ணாம்பின் காரம் புழுவின் தோலைப் பொசுக்கிவிடும். அரைத்த சுண்ணாம்புக்கல்லோ பொடித்த முட்டை ஓடோ மெதுவாகவே கரையும்.

பீட்டின் பெரிய குறை வேறிடத்தில் இருந்தது. சதுப்பில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் மட்டுமே படிகிறது. ஒரு முழ ஆழம் தோண்டி எடுத்தால் சில நூற்றாண்டுகளின் படிவு போய்விடும். உலக நிலப்பரப்பில் ஏறக்குறைய 3 விழுக்காடே உள்ள பீட் நிலங்கள், எல்லாக் காடுகளும் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகக் கரிமத்தைத் தேக்கிவைத்துள்ளன. வீட்டுக் குப்பையை இயற்கைக்குத் திருப்பித் தருவதாகச் சொல்லிக்கொண்டு, அதற்காக ஒரு சதுப்பைத் தோண்டுவது விசித்திரமான கணக்கு. தோட்டப் பயன்பாட்டுக்குப் பீட் விற்பதைத் தடைசெய்யப்போவதாக இங்கிலாந்து அரசு 2022-ல் அறிவிக்கும் அளவுக்கு இந்த விவாதம் முற்றியது.

செய்தித்தாள்

மண்புழுவைப் பண்ணையிலிருந்து அடுக்களைக்குக் கொண்டுவந்தவர் என்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆப்பல்ஹாஃபைச் சொல்லலாம். உயிரியல் ஆசிரியராக இருந்த அவர் 1972-ல், நீண்ட பனிக்காலத்தில் தோட்டத்துக் குப்பைக்குழி உறைந்துபோகும் ஊரில், வீட்டுக்குள்ளேயே சமையல் கழிவை உரமாக்கத் தூண்டில் புழு விற்பவரிடமிருந்து புழு வாங்கித் தொடங்கினார். 1982-ல் வந்த ‘வோர்ம்ஸ் ஈட் மை கார்பேஜ்’ என்ற அவரது சிறுநூல் இன்றுவரை இத்துறையின் முதல் பாடநூல்போல் இருக்கிறது. பீட், இலைமக்கு, சாணம் எனப் பல பொருள்களை அவர் ஒப்பிட்டார். நகரத்து வீடுகளுக்கு மிக எளிதாகப் பொருந்தியது கீற்றுகளாகக் கிழித்த செய்தித்தாளே. வாங்க வேண்டியதில்லை, நாறாது, எந்த வீட்டிலும் இருக்கும். படுக்கையின் எடைக்கு மூன்று மடங்கு எடை நீர் சேர்ப்பது அவர் தந்த கணக்கு. இதன்படி படுக்கையில் நீரின் பங்கு முக்கால்வாசியாகும். உணவை அரைக்கப் புழுவின் அரைவைப் பைக்குச் சிறு மணல்துகள் வேண்டும் என்பதால், காகிதத்தோடு ஒரு கைப்பிடி மண்ணும் போடச் சொன்னார்.

காகிதத்திலும் சிக்கல் இல்லாமல் இல்லை. தாளைக் கிழிக்காமல் முழுதாகப் பரப்பினால் நனைந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகைபோல் இறுகி, அடியில் காற்றுப் புகாமல் அழுகும். விரலகலக் கீற்றாகக் கிழித்து உதறிப்போட வேண்டும். நெளிவுகள் கொண்ட அட்டைப்பெட்டித் துண்டுகளைக் கலந்தால் இடைவெளி நிலைக்கும். வழவழப்பான வண்ணத்தாள் நீரைச் சரியாக உறிஞ்சாது. அச்சு மை பற்றிய அச்சம் நெடுநாள் இருந்தது. பழைய வண்ண மைகளில் ஈயம் போன்ற உலோகச் சேர்மங்கள் இருந்ததால் அந்த அச்சம் பொய்யானதும் அல்ல. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்கச் செய்தித்தாள் நிறுவனங்கள் பெட்ரோலிய எண்ணெய்க்கு மாற்றுத் தேடின. சோயா எண்ணெய் மையை 1987-ல் அயோவா மாநிலத்தின் ‘தி கெசட்’ நாளிதழ் முதலில் அச்சுக்குப் பயன்படுத்தியது. அதன்பின் சோயா மை பரவியது. மண்புழுவுக்காக யாரும் மையை மாற்றவில்லை, ஆனால் பயன் புழுவுக்கும் கிடைத்தது.

சாணமும் வைக்கோலும்

இந்தியாவில் மண்புழு உரம் வேறு வழியில் வந்தது. இங்கே தூண்டில் பண்ணைகளோ பீட் சதுப்புகளோ பின்புலமாக இல்லை. தொழுவமே தொடக்கப்புள்ளி. பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தில் ராதா காலே முதலியோர் 1980களில் யூட்ரிலஸ் யூஜீனியே என்ற ஆப்பிரிக்க மண்புழுவைக் கொண்டு உரம் தயாரிக்கும் முறையை ஆராய்ந்து பரப்பினர். இந்தப் புழு மேற்பரப்பு வகை; விரைவாகத் தின்று விரைவாகப் பெருகும்; குளிர் தாங்காது, வெப்பநாட்டுக்கு ஒத்துவரும். மக்கிய சாணத்தோடு எந்த இலைதழையையும் கலந்து கொடுத்தால் ஏற்றுக்கொண்டது.

சென்னை நியூ கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் சுல்தான் அகமது இஸ்மாயில் இதற்கு மாறான வழியில் சென்றார். வெளிநாட்டுப் புழுவை இறக்குமதி செய்வானேன், ஒவ்வொரு ஊரின் மண்ணிலும் உள்ள புழுவே போதும் என்பது அவரது நிலைப்பாடு. அவர் தேர்ந்தது மேற்பரப்பில் வாழும் பெரியானிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ், வளை தோண்டும் லாம்பிட்டோ மாரிட்டி ஆகிய உள்ளூர் இனங்கள். வளை தோண்டும் புழுவைச் சேர்த்ததால் அவரது படுக்கையில் மண் கட்டாயமாயிற்று. அடியில் உடைந்த செங்கல்லோ கூழாங்கல்லோ பரப்பி, மேலே பருமணல் போட்டு நீர் வடியச் செய்து, அதன்மேல் ஏறத்தாழ 15 செ.மீ. உயரத்துக்கு வண்டல் கலந்த தோட்டமண் நிரப்பிப் புழுவை விட வேண்டும். சாண உருண்டைகளை ஆங்காங்கே வைத்து, மேலே வைக்கோலோ காய்ந்த இலையோ மூடி, நாள்தோறும் நீர் தெளித்துச் சுமார் ஒரு மாதம் காத்திருந்த பின்புதான் கழிவு போடத் தொடங்க வேண்டும். பொறுமை கேட்கும் முறை இது. ஆனால் புழு விலைகொடுத்து வாங்க முடியாதவருக்கும் இது கைகூடியது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வழிகாட்டுதல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. தொட்டியின் அடியில் மரத்தூள், உமி, தென்னை நார்க்கழிவு, கரும்புச் சோகை இவற்றில் ஏதேனும் ஒன்றை 3 செ.மீ. பரப்பி, மேலே 3 செ.மீ. மணலும் அதன்மேல் 3 செ.மீ. தோட்டமண்ணும் இட்டு நனைக்கச் சொல்கிறது. ‘இவற்றில் ஏதேனும் ஒன்று’ என்ற தொடரில் பெரிய நடைமுறை அறிவு இருக்கிறது. வைக்கோல் அந்தப் பட்டியலில் இல்லாததையும் கவனிக்கலாம். தமிழ்நாட்டில் வைக்கோல் கழிவு அன்று, மாட்டின் தீவனம். கோடையில் ஒரு கட்டு வைக்கோலைப் புழுவுக்குப் பரப்பினால் அது பசுவின் வாயிலிருந்து எடுத்ததாகும். அந்தப் பசு இல்லாவிட்டால் சாணமும் இல்லை. ஆகவே மழையில் நனைந்து கறுத்த, மாடு ஒதுக்கிய வைக்கோலையே பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள்.

சாணத்திலும் வால்டன் சொன்ன சூட்டுப் பாடம் திரும்பவும் தேவைப்பட்டது. புதுச் சாணத்தில் நுண்ணுயிர்கள் பெருகும்போது குவியல் கொதிக்கிறது, அம்மோனியா வெளியேறுகிறது. வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டினால் புழுக்கள் ஓடப் பார்க்கும் அல்லது சாகும். இரண்டு மூன்று வாரம் குவித்து நீர்தெளித்துக் கிளறி ஆறவிட்ட சாணமே படுக்கைக்கு ஆகும். முதல்முறை தோற்பவர்களில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். புழுவை விட்ட மறுநாள் அது தொட்டியின் விளிம்பேறி நிற்பதைக் கண்டு புழு சரியில்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

தென்னை நார்க்கழிவு

பீட்டுக்கு மாற்றாக உலகம் கண்டெடுத்த பொருள் பொள்ளாச்சி, உடுமலை வட்டாரச் சாலையோரங்களில் நெடுங்காலம் மலையாகக் குவிந்துகிடந்தது. மட்டையிலிருந்து நாரைப் பிரிக்கும்போது உதிரும் பஞ்சு போன்ற தூளே தென்னை நார்க்கழிவு. ஒரு கிலோ நாருக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ கழிவு விழுகிறது. மழை பெய்தால் குவியலிலிருந்து காவிநிறச் சாறு வடிந்து கிணறுகளையும் ஓடைகளையும் கெடுத்தது. கோடையில் உள்ளுக்குள் கனன்று புகைந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இங்கிலாந்தின் சில தோட்டக்காரர்கள் இதைச் செடி வளர்க்கப் பயன்படுத்தினாலும், அது நிலைக்கவில்லை. பீட்டின்மேல் கேள்வி எழுந்த 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் தமிழ்நாடு, கேரளம், இலங்கையிலிருந்து நார்க்கழிவு அழுத்தப்பட்ட கட்டிகளாகக் கப்பலேறியது. விற்பனைக்காக அதற்குச் சூட்டிய பெயர் கோகோபீட். எதை விலக்க வந்ததோ அதன் பெயரையே அது சுமக்கிறது.

நீர்பிடிப்பிலும் இலகுவிலும் அது பீட்டுக்கு இணையானது, அமிலத்தன்மை குறைவு. ஆனால் நேரடியாகப் புழுவுக்குப் போட்டால் இரண்டு தடைகள் உண்டு. ஒன்று, உப்பு. உவர்நீரில் ஊறவைத்த மட்டையின் கழிவில் அது கூடுதலாக இருக்கும். இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிப் பிழிய வேண்டும். மற்றொன்று, லிக்னின். நார்க்கழிவில் ஏறத்தாழ 30 விழுக்காடு லிக்னின் இருக்கிறது. கரிமத்துக்கும் தழைச்சத்துக்குமான விகிதம் 112:1. இவ்வளவு மரத்தன்மை கொண்ட பொருளைப் புழு தங்குமிடமாக ஏற்குமே தவிர உணவாக ஏற்காது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்குக் கண்ட வழி சிப்பிக்காளான். புளூரோட்டஸ் சாஜோர்-காஜு என்ற காளான் வித்தையும் யூரியாவையும் நார்க்கழிவோடு அடுக்கடுக்காக மாற்றிமாற்றி இட்டு ஈரம்காத்தால், காளான் லிக்னினைச் சிதைக்கிறது. ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியா என்பது அதன் அளவு. பொன்னிறத் தூள் கறுத்து, விகிதம் 24:1 அளவுக்கு இறங்குகிறது. யூரியாவைத் தவிர்க்க விரும்பும் இயற்கை வேளாண்மையினர் அதற்குப் பதில் சாணக் கரைசலையோ பசுந்தழையையோ சேர்க்கிறார்கள். அதில் வேலை நடக்கும், ஆனால் கூடுதல் காலம் எடுக்கும்.

ஐயங்களும் சோதனைகளும்

சில பொருள்களின்மேல் காலங்காலமாக ஐயம் இருந்துவந்தது. மரத்தூளில் எந்த மரம் என்பதே கேள்வி. மணமும் பிசினும் மிக்க மரங்களின் தூளும், பூச்சிமருந்து ஏற்றிய பலகைகளின் தூளும் புழுவைக் கொல்லும். தச்சுப் பட்டறையில் ஒட்டுப்பலகைத் தூள் கலந்துவிட்டால் பசையும் சேர்ந்துவரும். உமி காற்றோட்டத்துக்கு நல்லது, ஆனால் அதன் சிலிகா காரணமாக எளிதில் மக்காமல் உரத்தில் அப்படியே தெரியும். சவுக்கு ஊசியிலையும் மெதுவாகவே மக்கும்.

வேப்பிலை பூச்சியை விரட்டுவதால் புழுவையும் விரட்டும் என்று பலரும் எண்ணியிருந்தனர். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கஜலட்சுமியும் அப்பாசியும் 2004-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தலைகீழாக்கியது. வேப்பிலை இட்ட தொட்டிகளில் யூட்ரிலஸ் புழுக்கள் ஆவலுடன் தின்றன. மாவிலையில் வளர்ந்தவற்றைவிட நன்றாக வளர்ந்து பெருகின. அதே பல்கலைக்கழகத்தில் ஏரிகளை அடைக்கும் ஆகாயத்தாமரையும் புழுத்தொட்டிகளில் சோதிக்கப்பட்டது. தண்ணீரே பெரும்பகுதியான அந்தச் செடியைத் தனியாகக் குவித்தால் கூழாகிவிடும். உலரவைத்தோ சாணத்தோடு கலந்தோ இடும்போது புழுக்கள் அதை ஏற்கின்றன.

இத்தகைய சோதனைக்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. புதுப்பொருள் ஒன்றைப் படுக்கையாக்க நினைப்பவர்கள் அதை நனைத்து ஒரு சிறு பானையில் இட்டு, பத்துப் புழுக்களை மேலே விட்டுப் பார்ப்பது வழக்கம். சில நிமிடங்களில் அவை உள்ளே இறங்கிவிட்டால் பொருள் ஏற்றது. மேலேயே சுருண்டு கிடந்தாலோ பானையின் சுவரேறினாலோ, இன்னும் அலச வேண்டும் அல்லது இன்னும் ஆற வேண்டும்.